சென்ட்ரேலியா பேய் ஊர் இல்லை: எங்கள் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை "பேய் ஊர்ப் பயணம்" என்று ஒரு பேருந்துச் சுற்றுலாவை அறிவித்திருக்கிறீர்கள். அறிவிப்பில் கறுப்புப் பின்னணி, எரியும் மண்டை ஓடு, அதற்குக் கீழே "பூமிக்கடியில் நரகம்! ஒரே இரவில் மக்கள் ஓடிப்போன ஊர்!" என்று ஒரு வரி. பேய் வேடம் போட்டு வரும் பிள்ளைகளுக்குப் பரிசு உண்டாம். போகிற இடம் பென்சில்வேனியாவின் சென்ட்ரேலியா.

அந்த ஊரில் இன்னும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். உங்கள் அறிவிப்பில் இந்தத் தகவல் இல்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குழுவுக்குத் தனியாக எழுதிப் பார்த்தேன். "ஜாலியா எடுத்துக்கோங்க மேடம், பசங்களுக்கு ஒரு த்ரில், அவ்வளவுதான்" என்று பதில் வந்தது. சரி, அப்படியானால் உறுப்பினர்கள் எல்லோரும் படிக்கட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

சென்ட்ரேலியா இருக்கும் அதே கொலம்பியா கவுண்டியில்தான் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் போல) நானும் வசிக்கிறேன். நுரையீரல் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. குழாயை வாயில் வைத்து "நல்லா இழுத்து, வேகமா ஊதுங்க" என்று சொல்லி மூச்சை அளந்து குறித்துக்கொள்வதுதான் என் அன்றாடம். வருகிற முதியவர்களில் பலர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள், அல்லது சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள். கரித்தூசி படிந்த நுரையீரலை இங்கே எல்லோரும் "பிளாக் லங்" என்றுதான் சொல்வார்கள். ஊதி முடித்து மூச்சு வாங்க உட்காரும்போது எந்த ஊர் என்று கேட்பேன். சிலர் சென்ட்ரேலியா என்பார்கள். படிவத்தில் இருக்கிற முகவரி மவுண்ட் கார்மலோ ஆஷ்லாண்டோ. அங்கே குடிவந்து பல பத்தாண்டுகள் ஓடியிருக்கும். ஆனாலும் ஊர் என்று கேட்டால் அதுதான் பதில்.

நீங்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டப்போவது இவர்களுடைய ஊரை. அதைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு வரிகூடச் சரியில்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வடகிழக்குப் பென்சில்வேனியாவில் அப்பலேச்சிய மலைகள் மடிப்பு மடிப்பாகக் கிடக்கின்றன. நீளமாக ஒரு மேடு, அப்புறம் ஒரு பள்ளத்தாக்கு, மறுபடியும் மேடு. அந்த மடிப்புகளுக்குள் இருக்கிறது அந்த்ரசைட் நிலக்கரி. கரியிலேயே மிகக் கெட்டியானது அது. பற்ற வைப்பது கடினம், புகை குறைவு, பற்றிக்கொண்டால் நின்று எரியும். அமெரிக்காவில் கிடைக்கும் அந்த்ரசைட் ஏறக்குறைய முழுவதும் இந்தச் சில கவுண்டிகளுக்கு அடியில்தான். நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கியது இந்தக் கரி. 1917இல் மட்டும் ஏறக்குறைய 10 கோடி டன் வெட்டி எடுத்தார்கள். இங்கே கரி அடுக்குகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கவில்லை. மலை மடிந்தபோது அவையும் கூடவே மடிந்து, சரிந்து இறங்குகின்றன. ஓரிடத்தில் தரையிலேயே தலை காட்டும் அடுக்கு, இன்னோரிடத்தில் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் இருக்கும். இந்தச் சரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கொலம்பியா கவுண்டியின் தெற்கு விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,450 அடி உயரத்தில் சென்ட்ரேலியா இருக்கிறது. மொத்தப் பரப்பே கால் சதுர மைல்தான். தெற்கே இறங்கினால் ஆஷ்லாண்ட், மேற்கே போனால் மவுண்ட் கார்மல். இரண்டும் வேறு வேறு கவுண்டிகள். சட்டப்படி சென்ட்ரேலியா ஒரு பரோ. நம் ஊர்ப் பேரூராட்சி போல என்று வைத்துக்கொள்ளலாம். தனி மன்றம், தனி மேயர், தனி வரி எல்லாம் உண்டு. பென்சில்வேனியாவில் இப்படித் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பரோக்கள் இருக்கின்றன. பாதிப் பேருக்கு அதிகாரம் இருக்கும் அளவுக்குக் கையில் பணம் இருக்காது. சென்ட்ரேலியா அழிந்ததில் இந்தப் பணமில்லாமைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஊரைத் திட்டமிட்டு அமைத்தவர் அலெக்சாண்டர் ரே என்ற சுரங்கப் பொறியாளர். முதலில் சென்டர்வில் என்று பெயர் வைத்தார்கள். பக்கத்துக் கவுண்டியில் அதே பெயரில் இன்னோர் ஊர் இருந்ததால் 1865இல் சென்ட்ரேலியா என்று மாற்றி, 1866இல் பரோ ஆக்கினார்கள். இரண்டே ஆண்டில், 1868 அக்டோபரில், ரே மவுண்ட் கார்மலுக்குக் குதிரை வண்டியில் போகும் வழியில் கொல்லப்பட்டார். ஐரிஷ் சுரங்கத் தொழிலாளர்களின் ரகசியக் கூட்டம் என்று சொல்லப்பட்ட மாலி மெகுவயர்கள்மேல் பழி விழுந்தது. பத்தாண்டு கழித்து, 1878இல், புளூம்ஸ்பர்க்கில் மூன்று பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்தக் காலத்து மெகுவயர் வழக்குகளில் சாட்சியங்கள் எவ்வளவு நேர்மையானவை என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

உங்களுக்குப் பேய்க்கதைதான் வேண்டுமென்றால் அதுவும் ஊர்க்காரர்களிடம் ஒன்று இருக்கிறது. மெகுவயர்கள் ஒரு பாதிரியாரை அடித்துவிட்டார்களாம். அவர் ஆத்திரத்தில், இந்த ஊரில் ஒருநாள் புனித இக்னேஷியஸ் கோயிலைத் தவிர எதுவும் நிற்காது என்று சபித்தாராம். வலையொளிகளில் இதைப் பயங்கரமான இசையோடு சொல்வார்கள். அந்த இக்னேஷியஸ் கோயிலைத்தான் 1997இல் இடித்தார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். சாபம் பலிக்கவில்லை.

1890 கணக்கெடுப்பில் இங்கே 2,761 பேர் இருந்தார்கள். கால் சதுர மைலுக்குள் ஏழு தேவாலயங்கள், ஐந்து விடுதிகள், இரண்டு நாடகக் கொட்டகைகள், ஒரு வங்கி, இருபத்தேழு மதுக்கடைகள். ஐரிஷ்காரர்கள் முதலில் வந்தார்கள், பிறகு உக்ரைனியர்கள், போலந்துக்காரர்கள். 1929 பங்குச் சந்தைச் சரிவுக்குப் பின் பெரிய கம்பெனி தன் சுரங்கங்களை மூடியது. வேலை போன ஆட்கள் திருட்டுத்தனமாக உள்ளே இறங்கினார்கள். கூரை சரியாமல் இருக்க விட்டுவைத்திருந்த கரித்தூண்களையே வெட்டி எடுத்து விற்றார்கள். வயிற்றுப்பாடு. அதனால் ஊருக்குக் கீழே இருந்த சுரங்க வழிகள் பல இடங்களில் இடிந்து, எது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாத நிலை உண்டானது. 1949இல் வந்த ஒரு மாநிலச் சட்டத்தைப் பயன்படுத்தி, மறு ஆண்டு பரோ மன்றம் ஊருக்கு அடியில் இருந்த கரிக்கான உரிமையை வாங்கியது. கையில் காசில்லாத மன்றத்துக்குக் காலடியில் மட்டும் சொத்து.

இனி தீ. "ஒரே இரவில் ஓடிப்போன" கதையை எங்கே பிடித்தீர்களோ தெரியவில்லை. நடந்தது இது.

1962 மே மாதம். மெமோரியல் டே நாளில் இறந்தவர்களின் கல்லறைகளுக்கு மக்கள் வருவார்கள். ஆட் ஃபெல்லோஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய திறந்தவெளிச் சுரங்கக் குழி இருந்தது. அதைத்தான் ஊர் குப்பைக் கிடங்காகப் பயன்படுத்தியது. நாற்றம் அடிக்கக் கூடாது என்று மன்றம் தன்னார்வத் தீயணைப்புப் படையினர் சிலருக்குக் கூலி கொடுத்துச் சுத்தம் செய்யச் சொன்னது. சுத்தம் செய்வது என்றால் கொளுத்தி, பிறகு தண்ணீர் ஊற்றி அணைப்பது. மேலே அணைந்தது. குழியின் ஓரத்தில் முறையாக அடைக்கப்படாத ஒரு பொந்து வழியாக நெருப்பு கீழே இருந்த பழைய சுரங்கத்துக்குப் போனது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். யாரோ கொட்டிய சூடான சாம்பல்தான் காரணம் என்பவர்களும் உண்டு. எப்படியானாலும் ஆகஸ்டில் சுற்றியிருந்த சுரங்கங்களை விஷவாயு காரணமாக மூடிவிட்டார்கள்.

கோடையிலேயே தோண்டி எடுத்திருந்தால் முடிந்திருக்கும் என்று இங்கே எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். முதல் ஒப்பந்தத்துக்கு ஒதுக்கிய பணம் சுமார் 20,000 டாலர். தீ எதுவரை போயிருக்கிறது என்று துளையிட்டுப் பார்க்கக்கூட அதில் இடமில்லை. கண்ணை மூடிக்கொண்டு தோண்டினார்கள். தோண்டத் தோண்டக் காற்று உள்ளே போய், தீ அவர்களைவிட வேகமாக ஓடியது. அக்டோபர் முடிவதற்குள் பணம் தீர்ந்தது. அடுத்து, துளை போட்டு நொறுக்கிய கல்லும் தண்ணீரும் கலந்து உள்ளே இறக்கினார்கள். அதுவும் 1963 மார்ச்சில் பணம் தீர்ந்து நின்றது. மாநிலமும் மைய அரசும் பிறகும் பல முறை முயன்றன. ஒவ்வொரு முறையும் ஒதுக்கிய தொகை நேற்றைய தீக்குப் போதுமானதாக இருந்தது. சரிந்து இறங்கும் கரி அடுக்கும், யாருக்கும் வரைபடம் தெரியாத சுரங்க வழிகளும் தீக்குப் பாதை போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தன.

மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் கணக்கில்லை, இருபது ஆண்டுக்கும் மேல். என் பக்கத்து வீட்டு அம்மா அங்கே பிறந்து வளர்ந்து மணமானவர். ஆரம்பத்தில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை என்பார். பனிக்காலத்தில் சில வீட்டுத் தோட்டங்களில் மண் சூடாக இருக்கும், பனி தங்காது, அதைச் சொல்லிச் சிரிப்பார்களாம். பிறகு நிலவறைகளில் வாயு ஏறத் தொடங்கியது. காற்றில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று பார்க்க வீட்டுக்குள் கருவி வைத்துவிட்டுப் போனார்கள். இரவில் எழுந்து குழந்தையைப் பார்ப்பதுபோல் அந்தக் கருவியைப் போய்ப் பார்ப்பேன் என்று அவர் சொன்னதுண்டு.

1979இல் ஊரில் பெட்ரோல் நிலையம் நடத்திய ஜான் காடிங்டன் தரைக்கடித் தொட்டியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று கோல் விட்டுப் பார்த்தார். கோல் சூடாக வந்தது. நூலில் வெப்பமானியைக் கட்டி இறக்கினார். 172 பாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 78 செல்சியஸ். பெட்ரோலுக்குள். 1981 பிப்ரவரி 14 அன்று பாட்டி வீட்டுப் புழக்கடையில் நின்றிருந்த 12 வயதுச் சிறுவனின் காலடியில் தரை திறந்துகொண்டது. நான்கடி அகலம், 150 அடி ஆழம். மரவேரைப் பிடித்துத் தொங்கியவனை அவன் உறவுக்காரப் பையன் இழுத்துக் காப்பாற்றினான். உள்ளிருந்து வந்த ஆவியில் உயிரைக் கொல்லும் அளவுக்கு கார்பன் மோனாக்சைடு. அன்றைக்கு அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் தீயைப் பார்வையிட ஊருக்குள்தான் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் நாட்டின் தொலைக்காட்சிகளுக்கு இந்த ஊர் கண்ணில் பட்டது.

1983இல் ஓர் ஆய்வறிக்கை வந்தது. முழுவதும் தோண்டி அணைக்க 66 கோடி டாலருக்கும் மேல் ஆகும், விட்டால் நூறாண்டுக்கும் மேல் எரியும் என்றது. இருபதாயிரத்தில் தொடங்கியது எங்கே வந்து நின்றது பாருங்கள். அந்த ஆகஸ்டில் ஊரில் வாக்கெடுப்பு நடந்தது. அரசு வீட்டை வாங்கிக்கொண்டு தங்களை வேறிடத்துக்கு மாற்றட்டும் என்றவர்கள் 345 பேர், கூடாது என்றவர்கள் 200 பேர். பக்கத்து வீட்டு அம்மா வீட்டில் ஓட்டு இரண்டாகப் பிரிந்தது. அவர் போகலாம் என்றார், கணவர் மாட்டேன் என்றார். ஊர் முழுக்க இப்படித்தான். ஒரே தெருவில் பேச்சு நின்றுபோன வீடுகள் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 4.2 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. தீயை அணைக்க இல்லை, ஆட்களை நகர்த்த. அணைக்கக் கேட்டபோது கிடைக்காத பணம் காலி செய்யக் கேட்டபோது கிடைத்தது என்பதை இந்த ஊர்க்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. நானும் அவர்கள் பக்கம்தான். கீழே இருக்கும் கரிக்காகத்தான் எங்களை விரட்டினார்கள் என்று சிலர் நம்புவதை மட்டும் நான் நம்பவில்லை. எரிகிற கரியை வைத்து யார் என்ன செய்வது? ஆனால் இருபது ஆண்டு அலைக்கழிக்கப்பட்டவருக்கு அப்படி ஒரு சந்தேகம் வருவது எனக்குப் புரிகிறது.

1980இல் ஆயிரம் பேருக்கு மேல் இருந்த ஊரில் 1990இல் 63 பேர். 1992இல் ஆளுநர் பாப் கேசி மீதியிருந்த நிலம் முழுவதையும் பொதுத் தேவைக்கான கட்டாயக் கையகப்படுத்தலில் எடுத்தார். 2002இல் 17927 என்ற அஞ்சல் குறியீட்டையும் எடுத்துவிட்டார்கள். அப்போதும் சிலர் போகவில்லை. வழக்குப் போட்டார்கள். 2013இல் எஞ்சியிருந்த எட்டுப் பேருடன் சமரசம் ஏற்பட்டு, ஆயுள் உள்ளவரை அங்கேயே இருக்கலாம் என்று முடிவானது. 2020 கணக்கெடுப்பில் சென்ட்ரேலியா பரோவின் மக்கள்தொகை ஐந்து. ஐந்து என்பது பூஜ்யம் இல்லை, நண்பர்களே.

அங்கே என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சுவரொட்டியில் போட்டிருக்கும் புகை கக்கும் வெடித்த சாலை, பழைய 61ஆம் எண் நெடுஞ்சாலைத் துண்டு, இப்போது இல்லை. வண்ணம் பூசி எழுதுவதற்கு ஆட்கள் திரண்டதால் 2020 ஏப்ரலில் நில உரிமையாளரான தனியார் நிறுவனம் லாரி லாரியாக மண் கொட்டி மூடிவிட்டது. அதில் இறங்கி நடப்பது பிறர் நிலத்தில் அத்துமீறுவது. தீ எரிகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஈரமான குளிர் நாளில் மேட்டுப் பக்கம் எங்காவது மெல்லிசாக ஆவி தெரியலாம், பல நாள் அதுவும் இல்லை. புல் மண்டிய தெருக்கள், ஒரு நகராட்சிக் கட்டடம், சில வீடுகள். வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டை இடித்துவிட்டதால் தனியாக நின்ற வீட்டுச் சுவர்களுக்குச் செங்கல் தூண் முட்டுக்கொடுத்திருந்தார்கள். இந்த ஊரை வைத்து எடுத்ததாகச் சொல்லப்படும் "சைலண்ட் ஹில்" பேய்ப்படம்? அதை எழுதியவர் இந்த ஊரைக் கொஞ்சம் மனத்தில் வைத்திருந்தார், சரி. படம் பிடித்தது கனடாவில்.

மேட்டில் 1911இல் கட்டிய உக்ரைனியக் கத்தோலிக்கக் கோயில் நிற்கிறது. வெள்ளைச் சுவர், நீலக் குமிழ்க் கோபுரம். துளையிட்டுப் பார்த்தபோது அதற்கடியில் கரி இல்லை, பாறை இருப்பது தெரிந்ததால் தப்பியது. இன்றும் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு நடக்கிறது. ஆகஸ்டில் பல ஊர்களிலிருந்து யாத்திரையாக வருகிறார்கள். கல்லறைத் தோட்டங்களும் பராமரிப்பில்தான் இருக்கின்றன. புதிதாக அடக்கமும் நடக்கிறது. ஊரை விட்டுப் போகச் சொல்லலாம், ஊரில் வந்து படுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

அங்கே நான் கண்ணால் பார்த்ததைச் சொன்னால்தான் இந்த மடலின் கோபம் உங்களுக்குப் புரியும். பக்கத்து வீட்டு அம்மாவால் இப்போது கார் ஓட்ட முடிவதில்லை. அவர் கணவரின் கல்லறைக்கு நான்தான் அழைத்துப் போவேன். போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் அவர் மண்டியிட்டுப் பூத்தொட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான்கைந்து இளைஞர்கள் வந்தார்கள். ஒருவன் யாருடைய நடுகல்மேலோ ஏறி உட்கார்ந்தான். இன்னொருவன் கேமராவைப் பிடித்துக்கொண்டு "மக்களே, இப்ப நாம நிக்கிறது ஒரு பேய் ஊர்ல, அங்க பாருங்க ஒரு பாட்டி, உண்மையிலேயே ஆளா இல்ல பேயான்னு தெரியல" என்று தமிழில் பேசினான். தலைக்கு மேல் டிரோன் வேறு. அந்த அம்மாவுக்கு மொழி புரியவில்லை, தன்னைத்தான் படமெடுக்கிறார்கள் என்பது புரிந்தது. "உங்கள் ஊர்ப் பிள்ளைகளா?" என்று என்னிடம் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் போய்ச் சத்தம் போட்டுக் கிளப்பினேன். அந்தக் காணொளி சில வாரத்தில் நம் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் வந்தது. "சூப்பர் ப்ரோ" என்று கைதட்டியவர்களில் குழு உறுப்பினர்களும் உண்டு. இந்தச் சுற்றுலா யோசனை அங்கேதான் பிறந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நம் நாட்டில் ஜார்க்கண்டின் ஜாரியாவில் 1916 முதல் நிலக்கரி எரிகிறது. வீட்டுச் சுவர் பிளந்து, புகைக்கு நடுவே குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே மண்டை ஓட்டு முகமூடியோடு பேருந்தில் போய் இறங்குவீர்களா? இறங்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இங்கே அஞ்சு பேர்தானே, கேட்க ஆளில்லை என்ற தைரியம்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பேருந்து நிறைய ஆட்கள், அதில் பாதி குழந்தைகள், மேட்டில் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். தரை திடீரென உள்வாங்கலாம், ஆபத்தான வாயு உண்டு, நடந்தாலோ வண்டி ஓட்டினாலோ உயிருக்கே ஆபத்து நேரலாம் என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறை பலகையே வைத்திருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனை இல்லை. அது ரத்தத்தில் ஏறினால் என்ன ஆகும் என்பதைத் தொழில் முறையில் அறிந்தவள் சொல்கிறேன். சாலையோரம் வண்டியை நிறுத்தாமல் கடந்துபோனால் ஒன்றும் ஆகாது. கூட்டமாக இறங்கிப் புதருக்குள் ஆவி தேடிப் போனால் அதற்கு யார் பொறுப்பு? உங்கள் அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் "சொந்தப் பொறுப்பில் வரவும்" என்று போட்டிருப்பதைப் பார்த்தேன்.

நான் பிள்ளைகளை வீட்டிலேயே பூட்டி வைக்கச் சொல்லவில்லை. இந்த வட்டாரத்துக்கு அழைத்து வாருங்கள். வரவேண்டும். நாம் பென்சில்வேனியாவில் வரி கட்டுகிறோம், ஓட்டுப் போடுகிறோம், நம் பிள்ளைகள் இங்கேதான் வளர்கிறார்கள். சின்ன மன்றத்தின் சின்னக் கணக்கு, பெரிய அரசுகளின் தாமதம், இரண்டும் சேர்ந்து ஆயிரம் பேர் ஊரை எப்படி அழித்தன என்பது அவர்களுக்குத் தெரியவேண்டியதுதான். அதற்கு ஆஷ்லாண்டில் பயனியர் டனல் இருக்கிறது. பழைய சுரங்க ரயிலில் மலைக்குள் ஏறக்குறைய 1,800 அடி உள்ளே போகலாம். கோடையிலும் உள்ளே 52 டிகிரி பாரன்ஹீட்தான், ஸ்வெட்டர் கொண்டு வரச் சொல்லுங்கள். கரியை எப்படி வெட்டினார்கள், கூரைக்கு எப்படி முட்டுக்கொடுத்தார்கள் என்று காட்டுவார்கள். எலிஸ்பர்க்கில் நோபெல்ஸ் கேளிக்கைப் பூங்கா இருக்கிறது, நுழைவுக் கட்டணமே கிடையாது, ராட்டினங்களுக்கு நடுவில் ஒரு சுரங்க அருங்காட்சியகமும் உண்டு. த்ரில் அங்கே போதுமான அளவு கிடைக்கும்.

நான் கேட்பவை இவை.

"பேய் ஊர்ப் பயணம்" என்ற பெயரிலும் இந்த வடிவிலும் உள்ள சுற்றுலாவை ரத்து செய்யுங்கள். கட்டணம் கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது அதே நாளில் ஆஷ்லாண்ட் பயணமாக மாற்றி, வர விருப்பமா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். சுரங்கம் அன்று திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

மண்டை ஓடு போட்ட அறிவிப்பையும், கல்லறைத் தோட்டக் காணொளியையும் சங்கத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் எடுங்கள். காணொளியை எடுத்தவர்களிடம் அந்த அம்மாவின் முகம் வரும் பகுதியை நீக்கச் சொல்லுங்கள். அவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியவேண்டியதில்லை.

"ஒரே இரவில் ஓடிப்போன ஊர்" என்று உறுப்பினர்களுக்கு எழுதியது தவறு என்று அடுத்த செய்திமடலில் திருத்தம் போடுங்கள். தமிழ்ப் பள்ளிக் கையெழுத்து இதழிலும் இந்த வரி அப்படியே ஏறியிருக்கிறது, அங்கேயும் திருத்த வேண்டும்.

சங்கத்தின் பெயரில் இனி யார் சென்ட்ரேலியா போனாலும் வண்டியை விட்டு இறங்குவது கோயிலுக்கு, அதுவும் வழிபாட்டுக்கோ யாத்திரைக்கோ என்றால் மட்டும், கோயிலாரிடம் கேட்டுக்கொண்டு என்று ஒரு விதி எழுதுங்கள். டிரோன் கூடாது. குடியிருப்பவர்களின் வீட்டைப் படமெடுக்கக் கூடாது.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்து, என்ன முடிவெடுத்தீர்கள் என்பதை எனக்கு மட்டும் தனியாக இல்லாமல் உறுப்பினர் எல்லோருக்கும் போகும் மின்னஞ்சலில் எழுதுங்கள். பேருந்துக்கு முன்பணம் கட்டும் முன் அந்தக் கூட்டம் நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவர்
கொலம்பியா கவுண்டி, பென்சில்வேனியா